மூட்டையோடு வரும் களை

தீவன விதை வாங்கப் போகிறவர்கள் கடையில் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "முளைக்குமா?" முளைக்கும். கூடவே வேறு என்னென்ன முளைக்கும் என்று யாரும் கேட்பதில்லை. மாதவரம், புழல், மணலி பக்கம் மாடும் ஆடும் வைத்துக்கொண்டு, கிடைத்த துண்டு நிலத்தில் பசுந்தீவனம் போடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு இதில் கோபம் உண்டு. அதை மறைக்கப் போவதில்லை.

புழல் பக்கம் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர், மழை ஓய்ந்த பிறகு பத்து சென்ட் நிலத்தில் குதிரை மசால் என்ற தீவனப் பயிரைப் போட்டார். விதை சில்லறையில் அளந்து வாங்கியது. சான்று அட்டை கிடையாது, ரகத்தின் பெயர் கிடையாது. பயிர் முழங்கால் உயரம் வருவதற்குள் நடுவில் ஒரு பாய் அகலத்துக்கு மஞ்சள் பூத்தது போலத் தெரிந்தது. கிட்டே போய்ப் பார்த்தால் பூ இல்லை. இலையே இல்லாத மஞ்சள் நூல்கள், தண்டுக்குத் தண்டு தாவிச் சுற்றிக் கிடந்தன. ஒரு நூலைப் பிரித்து எடுத்தபோது, சுற்றியிருந்த இடமெல்லாம் தண்டில் சின்னச் சின்னப் புடைப்புகள். அந்த வழியாகத்தான் அது சாற்றை உறிஞ்சுகிறது. வேர் மண்ணில் இல்லை. பிடித்துக்கொள்ளச் செடி கிடைத்ததும் அடிவேர் காய்ந்துவிடும். இதுதான் கஸ்குட்டா. நமது ஊரில் அம்மையார் கூந்தல் என்றும் சொல்வார்கள்.

"அறுத்து ஆட்டுக்கே போட்டுவிடலாமா?" என்று கேட்டார். காய் பிடித்த பிறகு அது கூடவே கூடாது. அதன் விதை ஆட்டின் வயிற்றிலும் சாகாமல் எருவோடு திரும்பி நிலத்துக்கே வரும். பல ஆண்டுகள் மண்ணில் உறங்கிக் கிடந்தும் முளைக்கும். பூக்கும் முன்பே அந்தத் திட்டையும் சுற்றி ஓரடி நல்ல பயிரையும் சேர்த்துத் தரையோடு அறுத்து, அங்கேயே காயவைத்துக் கொளுத்த வேண்டும். நூலை மட்டும் பிய்த்தால் அறுந்து விழும் ஒவ்வொரு துண்டும் அடுத்த செடியைப் பிடித்துக்கொள்ளும். அண்ணன் மனமில்லாமல்தான் அறுத்தார். அவர் இழந்த பயிருக்கு அந்தக் கடை என்ன பதில் சொல்லும்?

குதிரை மசால் விதைப்பயிருக்குச் சான்று கொடுக்கும்போது கஸ்குட்டாவை ஆட்சேபகரமான களை என்று நமது விதைத் தரநிலையே பெயர் சொல்லிக் குறிக்கிறது. இரண்டின் விதையும் ஏறக்குறைய ஒரே அளவு என்பதால் சல்லடையில் முழுவதும் பிரியாது. ஆனால் மசால் விதை வழவழப்பானது, கஸ்குட்டா விதை சொரசொரப்பானது. ஈரம் காட்டி இரும்புத் தூளோடு கலந்தால் சொரசொரப்பான விதையில் தூள் ஒட்டிக்கொள்ளும். காந்த உருளை அதைத் தனியே இழுத்துவிடும். பிரிப்பதற்கு இப்படி வழி இருக்கும்போதும் கலப்பு விதை சந்தைக்கு வருகிறது என்றால், அது அலட்சியம் என்றே சொல்வேன்.

இந்த அலட்சியம் எங்கிருந்து வருகிறது? தீவனம்தானே என்ற எண்ணத்திலிருந்து. நெல் விதைக்கும் பருத்தி விதைக்கும் காட்டும் கவனத்தில் கால் பங்கு இதற்கு இல்லை. அறுத்தது போக ஓரத்தில் மிச்சம் நின்றதை முற்றவிட்டு விதை என்று மூட்டை கட்டுவதை நான் ஏற்கவே மாட்டேன். தீவனப் பயிர் வேறு, தீவன விதைப்பயிர் வேறு. தீவனச் சோளத்தைப் பூக்கும் தறுவாயில் அறுத்துவிடுவோம். கதிரைத் தாக்கும் எதுவும் நமக்குப் பெரிய கவலை இல்லை. விதைக்கு விட்டால் பயிர் பூத்து, பால் பிடித்து, முற்றும்வரை நிற்க வேண்டும். கதிர் ஈ பூவுக்குள் முட்டையிடும். கதிர் நாவாய்ப்பூச்சி பாலை உறிஞ்சி மணியைச் சுருங்க வைக்கும். பூக்கும்போது மழையும் குளிர்ச்சியும் சேர்ந்தால் தேன் ஒழுகல் நோய். மணி நிற்க வேண்டிய இடத்தில் பிசுபிசுவென்று தேன் போல வடியும், பிறகு அதன் மேல் கரும்பூசணம் படரும். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் நிற்கும் நமது பக்கம் அந்தப் பருவத்தில் சோளத்தை விதைக்கு விடுவது வீண் வேலை. முற்றும் காலம் வறண்ட நாட்களில் விழும்படி இறவையில், அதாவது நீர் பாய்ச்சி, பருவம் பார்த்து விதைத்தால் மருந்துச் செலவு தானாகவே குறையும்.

தேன் ஒழுகல் நோய் கம்பையும் தாக்கும். மணிக்குப் பதிலாக உருவாகும் அதன் கறுத்த கட்டிகள் கம்பு விதையில் கலந்திருந்தால் வீட்டிலேயே பிரிக்கலாம். பத்து லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ உப்பைக் கரைத்து விதையைக் கொட்டினால் கட்டியும் பதரும் மிதக்கும். அதை அள்ளி எறிந்துவிட்டு, விதையை இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்த வேண்டும்.

மருந்து பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். மசால் பூவில் காய் பிடிக்கத் தேனீ வேண்டும். தேனீ உட்கார்ந்து பூவின் மடலைத் தட்டித் திறந்தால்தான் மகரந்தச் சேர்க்கை சரியாக நடக்கும். பூத்துக் குலுங்கும் வேளையில் பூச்சிமருந்து அடிக்கிறவர் தமது விளைச்சலைத் தாமே அழிக்கிறார். அசுவினியோ புழுவோ இருந்தால் பூக்கும் முன்பே பார்த்து முடித்துவிட வேண்டும். அதேபோல, மருந்தடித்த விதைப்பயிரின் தட்டையும் தழையும் தீவனமாக விலைக்கு வருவதை நிறுத்த வேண்டும். கறவை மாடு தின்பது பாலுக்கு வரும். வியாசர்பாடியிலும் கொடுங்கையூரிலும் சொந்த நிலம் இல்லாமல் கட்டுக் கணக்கில் தீவனம் வாங்குகிறவர்கள், அது எந்த வயலில் நின்றது என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தலைமையகமே மாதவரத்தில்தான் இருக்கிறது. பால்பண்ணைப் பக்கம் வாரம் ஒருநாள் ஒரு மேசை போட்டு, கொண்டு வரும் தீவன விதையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துச் சொல்ல யாராவது முன்வந்தால் எத்தனையோ குடும்பங்கள் பிழைத்துக்கொள்ளும். இது என் வேண்டுகோள். பெரிய செலவு கேட்கவில்லை.

அதுவரை, சான்று விதைக்கு நீல அட்டை, அந்தச் சான்று விதையை உருவாக்கப் பயன்படும் ஆதார விதைக்கு வெள்ளை அட்டை என்று பார்த்து வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் விதைப் பரிசோதனை நிலையத்தில் மாதிரி கொடுங்கள். முளைப்புத்திறனோடு புறத்தூய்மையும், அதாவது களை விதையும் குப்பையும் எவ்வளவு கலந்திருக்கிறது என்பதையும், பார்க்கச் சொல்லுங்கள். மூட்டையைப் பிரித்ததும் அட்டையைக் கிழித்து எறிந்துவிடாதீர்கள். அட்டை, ரசீது, ஒரு பிடி விதை மூன்றையும் ஒரே பையில் போட்டு, பயிர் வளர்ந்து தெளியும்வரை வைத்திருங்கள். புகார் கொடுக்கப் போனால் முதலில் கேட்பது இவற்றைத்தான்.