முதலெழுத்துக் கதைகளும் தந்திக்காரர்களின் மொழியும்

ஹாம் வானொலிக்கு, அதாவது தொழிலாக அல்லாமல் ஆர்வத்துக்காக நிலையம் நடத்தும் அமெச்சூர் வானொலிக்கு, புதிதாக வருகிறவர்களுக்குத் தவறாமல் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. 1908இல் ஹார்வர்டு பல்கலைக்கழக மாணவர்களான ஹைமன், ஆல்மி, மரே ஆகிய மூவர், தங்கள் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்துத் தங்கள் நிலையத்துக்கு 'ஹாம்' என்று பெயரிட்டார்களாம். ஹைமன் 1911இல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் உருக்கமாகப் பேசி அமெச்சூர்களைக் காப்பாற்றினாராம். அந்த நன்றியில் பெயர் நிலைத்துவிட்டதாம். அனுபவம் மிக்க நிலைய இயக்குநர்களே இதை வரலாறு என்று வகுப்புகளில் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. சொல்லை உண்மையில் புழக்கத்துக்குக் கொண்டுவந்த உழைப்பாளிகளை அகற்றிவிட்டு, அவர்கள் இடத்தில் வேறு மூவரை உட்கார வைக்கிறது அந்தக் கதை.

கம்பியில்லாத் தந்தி வருவதற்கு முன்பே அமெரிக்கத் தந்தி அலுவலகங்களில் 'ஹாம்' என்பது ஒரு வசைச்சொல். கை சரளமாக ஓடாமல் எதிர்முனையில் இருப்பவரின் நேரத்தை வீணாக்குகிற இயக்குநரை அப்படி அழைத்தார்கள்; வானொலிக்கு முந்தைய தந்திப் பாடநூலிலேயே இந்தப் பொருள் பதிவாகியிருக்கிறது. அதே தந்திக்காரர்களில் பலர் பின்னர் கப்பல்களிலும் கரை நிலையங்களிலும் கம்பியில்லாத் தந்தி இயக்கப் போனார்கள். வீட்டில் செய்த தீப்பொறி அலைபரப்பிகளோடு ஆர்வலர்கள் வணிகச் செய்திகளின் மேல் குறுக்கிட்டபோது, எரிச்சலில் அந்தத் தந்திக்காரர்கள் வாயில் வந்தது அந்தப் பழைய வசவுதான். அமெச்சூர்கள் அதையே எடுத்துத் தமக்குப் பெயராகச் சூட்டிக்கொண்டார்கள். இவ்வளவு துணிவான பிறப்பு ஒரு சொல்லுக்கு இருக்கும்போது இட்டுக்கட்டிய கதை எதற்கு என்றே கேட்கத் தோன்றுகிறது.

விடைபெறும்போது நாம் வாழ்த்தாக அனுப்பும் 73 என்னும் எண்ணுக்கும் இதே கதிதான். 1873ஆம் ஆண்டின் வின்செஸ்டர் துப்பாக்கியிலிருந்து வந்தது என்பார்கள். ஆண்ட்ரூ கார்னகியின் 73ஆவது பிறந்தநாள் விருந்தில் தொடங்கியது என்பார்கள். ஆனால் 1857இலேயே அமெரிக்கத் தந்தி இதழ் ஒன்றில் 73 என்னும் எண் 'என் அன்பு' என்ற பொருளில் அச்சாகியிருக்கிறது. 1859இல் வெஸ்டர்ன் யூனியன் நிறுவனம் வகுத்த 92 எண்களின் பட்டியலில் அது மரியாதை தெரிவிக்கும் குறியாக மாறியது. 'நல்வாழ்த்துகள்' என்ற இன்றைய பொருள் அதற்குப் பின் வந்தது. அதற்குள்ளேயே பன்மை அடங்கியிருப்பதால், பேச்சில் அதற்கு இன்னொரு பன்மை விகுதி சேர்ப்பதும் தேவையற்றது. புள்ளியும் கோடுமாக எழுத்துகளை அனுப்பும் மோர்ஸ் குறியில் 73ஐ முன்னிருந்து கேட்டாலும் பின்னிருந்து கேட்டாலும் ஒரே ஒலிதான்.

எனக்கு மிகவும் பிடித்த சான்றுகள் இரண்டு, இன்றும் மோர்ஸ் உரையாடல்களில் ஒலித்துக்கொண்டிருக்கின்றன. ஆங்கிலத்தில் 'மற்றும்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் நாம் 'இ.எஸ்.' என்று அனுப்புகிறோம். எந்தச் சொல்லின் சுருக்கமும் அன்று அது. தரைத்தந்தியில் புழங்கிய பழைய அமெரிக்க மோர்ஸில் 'மற்றும்' குறி என்பது ஒரு புள்ளி, சிறு இடைவெளி, மூன்று புள்ளிகள். அந்த ஒலி அப்படியே இ, எஸ் என்னும் இரண்டெழுத்தாகக் காதில் விழுகிறது. மற்றொன்று, சிரிப்பைக் குறிக்கும் 'எச்.ஐ.' அதே பழைய மோர்ஸில் 'ஓ' என்னும் எழுத்து இடையில் சிறு இடைவெளி விட்ட இரண்டு புள்ளிகள். சர்வதேச மோர்ஸிலோ இரண்டு புள்ளி என்றால் 'ஐ'. தந்திக்காரர்கள் 'ஹோ' என்று சிரித்த சிரிப்புதான் வானொலிக் காதுகளில் 'ஹை' ஆயிற்று என்னும் விளக்கமே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. 1961 டிசம்பர் 12 அன்று ஏவப்பட்ட முதல் அமெச்சூர் செயற்கைக்கோளான ஆஸ்கார் 1 திரும்பத் திரும்ப அனுப்பியதும் இந்த எச்.ஐ.தான்.

பொது அழைப்பான சி.க்யூ.வை 'உன்னைத் தேடுகிறேன்' என்று பொருள்படும் 'சீக் யூ' என்னும் ஆங்கிலத் தொடரின் ஒலி என்று விளக்குவதும் இதே வகை. எல்லா நிலையங்களுக்குமான அந்த அழைப்பும் தரைத்தந்தியிலிருந்து வந்ததுதான். மார்கோனி நிறுவனம் 1904இல் அதோடு 'டி' சேர்த்து ஆபத்து அழைப்பாக்கியது, சி.க்யூ.டி.க்கு 'விரைந்து வா, ஆபத்து' என்ற விரிவு பிறகு ஒட்டவைக்கப்பட்டது. க்யூ என்னும் எழுத்தில் தொடங்கும் மூன்றெழுத்துச் சுருக்கங்களான க்யூ குறிகளின் வரலாற்றில் மட்டும் இந்தக் குழப்பம் குறைவு. பிரிட்டிஷ் கப்பல்களுக்காக வகுக்கப்பட்டு 1912இல் லண்டன் மாநாட்டில் சர்வதேச ஏற்புப் பெற்றவை அவை. அரசு ஆவணங்களில் பிறந்ததால் கதை கட்ட இடமில்லாமல் போயிற்று.

எழுத்தில் பதிந்தால் ஒரு சொல்லின் வரலாறு எப்படிக் காப்பாற்றப்படுகிறது என்பதற்கு 'எல்மர்' நல்ல சான்று. புதியவருக்குக் கைபிடித்துச் சொல்லித்தரும் மூத்தவரைக் குறிக்கும் இந்தச் சொல், அந்தப் பெயருடைய ஓர் இயக்குநரை முன்னிறுத்தி 1971 மார்ச் மாத க்யூ.எஸ்.டி. என்னும் அமெரிக்க அமெச்சூர் வானொலி இதழில் ராட் நியூகிர்க் எழுதிய பத்தியில் தொடங்கியது. இதழும் மாதமும் தெரிவதால் இதற்கு யாரும் முதலெழுத்து விரிவு தேடுவதில்லை. ஒவ்வொரு தொடர்பையும் நேரம் குறித்துப் பதிவேட்டில் எழுதும் பழக்கம் நமக்கு ஏற்கெனவே இருக்கிறது. டிஜிட்டல் முறைகளைச் சுற்றி இப்போது நம்மிடையே பிறக்கும் புதிய சொற்களையும், முதலில் எந்த அலைவரிசையில், எந்த நாளில் கேட்டோம் என்று அதே பதிவேட்டின் ஓரத்தில் ஒரு வரி எழுதி வையுங்கள்.