25 வயசோடு கதவு மூடிடாது

"25 வயசு தாண்டினா கலைஞருக்கு மத்திய அரசு உதவித்தொகையே கிடையாது" என்று மேலே ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். அப்படி இல்லைங்க. 18 முதல் 25 என்ற வரம்பு கலாசார அமைச்சகத்தின் இளம் கலைஞர் உதவித்தொகைக்கு மட்டும்தான். மாதம் 5,000 ரூபாய், 2 வருஷம்.

அதைத் தாண்டியவர்களுக்கு, 40 வயது வரை, அதே அமைச்சகத்தின் ஜூனியர் ஃபெல்லோஷிப் இருக்கிறது, மாதம் 10,000. ஆனால் அது ஆய்வுக்கான பணம். உதாரணமாக, தோல் பொம்மைகளைத் திரைக்குப் பின்னால் ஆட்டும் நிழற்கூத்துக் கலைஞர் "தோல்பாவைக்கூத்து பயிற்சி நடத்தப் போகிறேன்" என்று எழுதினால் எடுபடாது. ஆட்டுத்தோலை எப்படிப் பதப்படுத்தினார்கள், எந்தச் சாயம் ஏற்றினார்கள், விரிசல் விட்ட பழைய பாவைகளை எப்படிக் காப்பது என்று ஆராய்ந்து பதிவுசெய்யும் திட்டமாக எழுதுங்கள். பட்டப்படிப்பும் கேட்பார்கள். பரம்பரையாகப் பாவை ஆட்டுகிறவருக்கு டிகிரி எதற்கு என்பது என் தீராத எரிச்சல்!