டி2 என்றால் எந்தத் தூரம்?

திருகோணமலை பிரெட்ரிக் கோட்டைக்குள் நடப்பதுபோல ஒரு சின்ன விளையாட்டு செய்ய வேண்டுமென்று உயர்தரம் படிக்கும் தம்பி ஒருவன் இரண்டு மாதமாக மெனக்கெடுகிறான். வரைபடம் கட்டம் கட்டமாக: சுவருக்கு 1, வழிக்கு 0. நிற்கும் இடத்திலிருந்து பல திசைகளில் கதிர் விட்டு, அது சுவரில் முட்டும் தூரத்தை வைத்துச் சுவரை வரைய வேண்டும், கிட்ட இருந்தால் உயரமாக. அங்கே திரியும் மான்களை அப்புறம் விடலாம் என்று திட்டம். போன சனிக்கிழமை உப்புவெளியில் எங்கள் வீட்டு விறாந்தையில் லப்டொப்பைத் திருப்பிக் காட்டினான். "அண்ணா, நேர்ச் சுவர் நடுவில குழிஞ்சு நிக்குது."

அவன் எழுதிய கோட் ஒரே ஃபங்ஷன், 180 வரி. கதிர் நடப்பது, தூரம் கணிப்பது, நிறம் பூசுவது எல்லாம் அதற்குள்தான். ஓரக் கதிர்கள் நீளமாவதால் நேர்ச் சுவர் வளைந்து தெரிவதுதான் மீன்கண் வளைவு. அதைத் திருத்த, பார்வைத் திசையிலிருந்து கதிர் விலகும் கோணத்தின் கோசைனால் தூரத்தைப் பெருக்க வேண்டும். 40ஆம் வரியில் பெருக்கியிருந்தான், 150இல் மறுபடியும். ஓரச் சுவர்கள் கிட்ட இருப்பதாகக் கணக்காகி உயர்ந்துவிட்டன. சூத்திரம் சரிதான். தூரத்துக்கு அவன் வைத்த டி2 என்ற பெயர்தான், அது திருத்திய தூரமா, திருத்தாததா என்று சொல்லவில்லை.

"ஓடினால் போதும், கோட் சுத்தமாக இருந்தென்ன" என்பவர்களோடு எனக்கு ஒத்துவராது. கதிர் கட்டம் கட்டமாக நடந்து சுவரைத் தேடும் முறை எவ்வளவு சின்னது என்று சதுர றூல் கொப்பியிலேயே பாருங்கள். நிற்கும் இடம் (2.3, 4.5), திசை (0.6, 0.8). அடுத்த நிலைக்குத்துக் கோடு 0.7 தள்ளி இருக்கிறது, 0.6ஆல் வகுத்தால் கதிர் போக வேண்டிய தூரம் 1.17. கிடைக்கோட்டுக்கு 0.5ஐ 0.8ஆல் வகுக்க 0.625. குறைந்த பக்கம் ஒரு கட்டம் தாண்டு, அந்தத் தூரத்தோடு ஒரு கட்டத்துக்கான தூரத்தை (இங்கே 1ஐ 0.8ஆல் வகுத்த 1.25) கூட்டு, மறுபடி ஒப்பிடு. சுவர் வந்தால் நில். 1987இல் அமனாடிடிஸும் வூவும் எழுதிய கட்டுரையின் சாரம் இவ்வளவுதான். இந்த நடைக்குத் திரையின் அகலம் தெரியவே கூடாது. எந்தக் கட்டம், எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் என்று சொன்னால் போதும். அப்போதுதான் கொப்பியில் போட்ட கணக்கை வைத்தே அதைத் தனியாகச் சோதிக்க முடியும்.

அதற்காக ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கிளாஸ் (தரவும் செயலும் சேர்ந்த வார்ப்பு) எழுதுவதையும் நான் ஏற்கமாட்டேன். 1992இல் வந்த வுல்ஃபன்ஸ்டைன் 3டி என்ற விளையாட்டின் 64க்கு 64 வரைபடத்துக்கே எண்கள் போதுமாயிருந்தன.

அன்றைக்கு மூன்று ஃபங்ஷனாகப் பிரித்தோம். நேர் வடக்கே போகும் கதிரில் 0ஆல் வகுக்க நேர்ந்தது. அந்தப் பக்கத்துக்கு முடிவிலி வைத்தோம். பைத்தன் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்கும் என்பதால் 'கதிர்த்தூரம்', 'திருத்தியதூரம்' என்றே எழுதினான். கோசைன் இப்போது ஓரிடத்தில் மட்டும். சுவர் நேராக நின்றது. இந்தக் கிழமை மான்கள்.