பூச்சி தாண்டு போகுது, ஜெல் பூசு எண்டு மட்டும் சொல்லாதீங்க

நேத்துப் பின்னேரம் மட்டக்களப்பு உன்னிச்சைக் குளத்துக் கட்டில நிண்டு, ட்ரை ஃப்ளை எண்ட கட்டின பூச்சியால மீன் புடிக்கப் போய் நான் பட்ட பாட்ட எங்கயாவது எழுதிக் கொட்டாட்டி இண்டைக்கும் எனக்கு நித்திர வராது.

வருசத்தில நாலஞ்சு பின்னேரம்தான் அப்பிடி வாய்க்கும். ஐப்பசி மழை ரெண்டு நாள் ஊத்தி, மூணாம் நாள் வானம் கொஞ்சம் வெளிச்சு, காத்து ஒரு பொட்டும் இல்லாம நிண்டா புத்துக்குள்ள இருந்து ஈசல் கிளம்பும். கிளம்பி வந்து குளத்துக்கு மேல பறந்து தண்ணியில விழும், அப்ப பாக்கணும் நீங்க, கண்ணாடி மாதிரிக் கிடந்த தண்ணி முழுக்க வட்டம் வட்டமா உடையும், திலாப்பியா மேல வந்து உறிஞ்சுற சத்தம் கட்டில நிக்கிற ஆளுக்கே கேக்கும், சின்னக் கெண்டையெல்லாம் துள்ளும். அஞ்சரைக்குத் துவங்கினா ஆறேகாலுக்குக் கும்மிருட்டு. அதுக்கு மறுகா அங்க நிக்க ஏலா, ஆனை இறங்கும், மோட்டசைக்கிள எடுத்துக்கொண்டு ஆயித்தியமலைப் பக்கம் வந்து சேரணும். ஆக முப்பது நாப்பது நிமிசம், அவ்வளவுதான். அந்த நாப்பது நிமிசத்தில இருவது நிமிசம் நான் மீன் புடிக்கல்ல. தாண்டு போன பூச்சிய வாயால ஊதி ஊதிக் காய வெச்சுக்கொண்டு நிண்டன்.

ட்ரை ஃப்ளை எண்டா என்னெண்டு தெரியாத ஆக்களுக்குச் சொல்றன். மண்புழு இல்ல, தக்கை இல்ல, ஈயமும் இல்ல. மெல்லிசான சின்னத் தூண்டிலில நூலும் இறகும் சுத்திக் கட்டின பூச்சி, அது உசிருள்ள பூச்சி மாதிரித் தண்ணிக்கு மேல குந்தியிருக்கணும், மீன் கீழ இருந்து பாத்து ஏமாந்து வந்து எடுக்கணும். தூண்டில் உருக்கு, உருக்கு மிதக்காது. அதத் தூக்கி வெச்சிருக்கிறது சாவல்ட கழுத்து இறகுதான். அந்த இறகச் சுத்தினா மயிர் மயிரா நாலு பக்கமும் விறைச்சு நிக்கும், ஒவ்வொரு மயிர் நுனியும் தண்ணிட தோல்ல காலூண்டி நிக்கும். ஓம், தண்ணிக்குத் தோல் இருக்கு, தண்ணிப்பூச்சி ஓடித் திரியிறது அந்தத் தோல்லதான். மயிருக்கு இடையில காத்து நிக்கிற வரைக்கும் பூச்சி மிதக்கும். காத்து போய்த் தண்ணி பூந்துட்டா முடிஞ்சுது.

இந்த ஒரு விசயத்த விளங்காமத்தான் எல்லாரும் எனக்குப் புத்தி சொல்ல வாறாங்க. மிதக்க வைக்கிறது எண்ணெய் இல்ல, காத்து!

கனடாவில இருந்து ரொட், அதான் தூண்டில் தடி, அனுப்பின பெரியம்மாட மகன் அண்ணன் என்ன சொல்றார், ஜெல் பூசு தம்பி. ஜெல் எண்டது பூச்சி தாழாம இருக்க அதில பூசுற எண்ணெய்ப் பசை. யூடியூப்பில பாத்தா ஜெல் பூசு. பூச்சியும் ஜெல்லும் வித்த ஒன்லைன் கடைக்காரனிட்ட தாண்டு போகுது எண்டு மெசேஜ் போட்டா, இன்னும் கொஞ்சம் கூடப் பூசுங்க எண்டு பதில் வருது. இன்னும் கொஞ்சமா? ஒரு சின்னப் போத்தல் ஜெல்லுக்கு நான் குடுத்த காசுக்கு வீட்டுக்கு ஒரு கிழமைச் சாமான் வாங்கலாம். அந்த ஜெல் குளிர் நாட்டு ஆத்தங்கரைக்குச் செய்த சாமான், அங்க அது கட்டியா இருக்கும், விரல் நுனியில தொட்டுப் பட்டும் படாமப் பூசலாம். மட்டக்களப்பு வெயிலில சேட்டுப் பொக்கட்டுக்க அரை மணித்தியாலம் கிடந்தாலே அது தண்ணியாப் போயிரும். கச்சான் காத்து வீசுற மாசத்தில கேக்கவே வேணாம், மூடியத் துறந்தா ஒரேயடியாக் கொட்டும். ஒரு சொட்டு கூட விழுந்தாலும் விறைச்சு நிக்க வேண்டிய மயிரெல்லாம் ஒண்டோட ஒண்டு ஒட்டி, மழையில நனைஞ்ச கோழிக்குஞ்சு மாதிரிப் பூச்சி சுருண்டு கிடக்கும். ஒட்டின மயிருக்குள்ள காத்து எங்க நிக்கிற? மறுகா எப்பிடி மிதக்கும்?

இன்னொரு கொடுமை, ஏற்கனவே நனைஞ்ச பூச்சிக்கு மேல ஜெல்லப் பூசச் சொல்றது. உள்ளுக்க தண்ணி இருக்கக்குள்ள வெளியால எண்ணெயப் பூசினா அந்தத் தண்ணி எங்கால வெளிய வரும்? ஈரச் சட்டைக்கு மேல ரெயின்கோட் போட்ட மாதிரித்தான். ஜெல் பூசுறதெண்டா பூச்சி தண்ணியக் காணுறதுக்கு முதல், எலும்பா காஞ்சு கிடக்கக்குள்ள, கொஞ்சூண்டு. இத அந்தப் போத்தலில பெரிய எழுத்தில போட்டா அவங்களுக்கு என்ன குறைஞ்சா போகும்!

நேத்து நடந்தது இதுதான். முதல் எறியிலேயே ஒரு கைமுழத் திலாப்பியா எடுத்துது, சந்தோசம் எண்டா அப்பிடி ஒரு சந்தோசம். மீனக் கழட்டிட்டுப் பாக்கன், பூச்சி முழுக்க வழுவழு. மீன்ட உடம்பில இருக்கிற வழும்பு இருக்கே, அதப் போல இறகுக்கு எதிரி வேற ஒண்டும் இல்ல. அத அப்பிடியே காத்தில வீசி உதறினா தண்ணி போகும், வழும்பு போகாது, அடுத்த எறியில பூச்சி கல்லு மாதிரித் தாழும். தெரியாதவன் உடன ஜெல்ல எடுப்பான், நானும் அவசரத்தில எடுத்துட்டன். வழும்புக்கு மேல ஜெல்! அதோட அந்தப் பூச்சிட கதை முடிஞ்சுது. ரெண்டாவது பூச்சியக் கட்டுறன், கை நடுங்குது, முன்னால மீன் பொளக் பொளக் எண்டு ஈசலத் திங்குது, கட்டில வலையோட நிண்ட ஒரு ஐயா கேக்கார், என்ன தம்பி கோழியிறக எறிஞ்சு விளையாடுறீங்களா, புழுவக் கோத்துப் போடுங்களன் எண்டு. ஐயா நல்ல மனுசன், நக்கலுக்குச் சொல்லல்ல. ஆனா அந்த நேரம் எனக்கு வந்த கோவத்துக்கு ரொட்ட முறிச்சு எறியலாம் போல இருந்துது.

செய்ய வேண்டியது என்னெண்டா, முதல்ல குளத்துத் தண்ணியிலேயே பூச்சிய நல்லா அலசணும், வழும்பு போற வரைக்கும். மறுகா டிஷுவிலயோ பழைய பருத்தி லேஞ்சியிலயோ வெச்சு அமத்தணும், கசக்கப்படா. தூண்டில ஒரு ரப்பர் பேண்டில கொழுவி இழுத்துப் புடிச்சு, வீணை நரம்ப மீட்டுற மாதிரிச் சுண்டினா உள்ளுக்க கிடக்கிற தண்ணி புகை மாதிரித் தெறிச்சுப் போகும், கண்ணாலயே பாக்கலாம். அதுக்குப் பிறகு ஈரத்த உறிஞ்சுற சிலிக்காப் பவுடருக்குள்ள போட்டுக் குலுக்கி, மிச்சத் தூள ஊதி உட்டா மயிரெல்லாம் திரும்ப எழும்பி நிக்கும், புதுசா முட்டையில இருந்து வந்த மாதிரி. ஐரோப்பாவில இதுக்கு மரத்தில வளருற ஒரு காளானக் காய வெச்சு வெச்சிருப்பாங்க, அது ஈரத்தச் சொட்டுப் பாக்கி இல்லாம உறிஞ்சும். இவ்வளவுக்கும் ரெண்டு நிமிசம். இந்த ரெண்டு நிமிசத்த எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரல்ல, ஒரு முழு மாரிகாலத்தப் பாழாக்கித்தான் படிச்சன்.

இறகுட கதை அடுத்தது. பார்சலில வந்த பூச்சி பாக்க நல்ல வடிவு. ராவு லைட்டுக்குக் கீழ வெச்சு ஒண்ட அவுத்துப் பாத்தன். நடுத் தண்டுக்கு ரெண்டு பக்கமும் மங்கலா, பஞ்சு மாதிரி ஒரு பகுதி, முக்கால்வாசி இறகு அதுதான். பேட்டுக்கோழி இறகு! பேட்டு இறகு மெத்து, தண்ணியக் குடிக்கும், அது தண்ணிக்குள்ள தாழுற பூச்சி கட்டத்தான் நல்லம். அதச் சுத்தி ட்ரை ஃப்ளை எண்டு வித்திருக்காங்க. சாவல் இறகெண்டா பளபளப்பா இருக்கும், வளைச்சா மயிர் சீப்புப் பல்லு மாதிரிப் பிரிஞ்சு நிக்கும், நுனிய மேல் உதட்டில தொட்டுப் பாத்தா குத்தும். குத்தாத கோழியிறகு மிதக்காது. கோழிக்கடைப் புரொய்லர் இறகையும் பாத்தன், அது தலகாணிக்கும் உதவாது. கடைசியில கொக்கட்டிச்சோலையில அம்மம்மா வளத்த கிழட்டுச் சாவல்ட கழுத்திலதான் நாலு நல்ல இறகு அம்பிட்டுது. அமெரிக்காவில இந்த இறகுக்கெண்டே சாவல் வளக்கிற பண்ணைகள் இருக்கு, அவங்கட ஒரு கழுத்துத் தோல்ட விலையச் சொன்னா அம்மம்மா மயங்கி விழுந்திருவா.

வேற தண்ணிக்குக் கட்டினது நம்மட தண்ணிக்குச் சரிவராது எண்டது புதுக் கதையும் இல்ல. 1890ல இங்கிலாந்தில இருந்து ஃப்ரெடரிக் ஹல்ஃபர்ட் தன்ட மிதக்கிற பூச்சிகள அமெரிக்காவில இருந்த தியோடர் கோர்டனுக்கு அனுப்பினவர். ஹல்ஃபர்ட்ட ஆறு சுண்ணக்கல் ஆறு, தெளிஞ்சு அமைதியா ஓடுறது. கோர்டன்ட ஆறு கல்லில அடிச்சுப் பாயிற ஆறு. அந்தாள் அதுகள வெச்சுக் கும்புடல்ல, தன்ட ஆத்துக்கு ஏத்த மாதிரி மாத்திக் கட்டினார். அண்டைக்கே அது விளங்கியிருக்கு. இண்டைக்கு நம்மட சூட்டுக்கும் பாசித் தண்ணிக்கும் அதே ஜெல், அதே பூச்சி, அதே புத்திமதி!

தாரா இறகு விசயத்தில எனக்கு இன்னும் வயிறு எரியும். தாராட வாலடியில ஒரு எண்ணெய்ச் சுரப்பி இருக்கு, தாரா அடிக்கடி அலகால அதத் தொட்டுத் தொட்டு உடம்பெல்லாம் பூசும், பாத்திருப்பீங்க. அந்தச் சுரப்பியச் சுத்தி விரல் நகமளவில மெத்தெண்ட சின்ன இறகு கொஞ்சம் இருக்கும். சுவிஸ் நாட்டு ஜூரா மலைப்பக்கம் 1920களிலேயே இதால பூச்சி கட்டியிருக்காங்க. கையில எடுத்து ஊதினா புகை மாதிரி ஆடும். எல்லாரும் நினைக்கிறது அதில எண்ணெய் இருக்கிறதால மிதக்குது எண்டு. இல்ல. கழுவிச் சாயம் போட்டு எண்ணெயெல்லாம் போன இறகும் மிதக்குது, ஏனெண்டா அந்த மயிரில இருக்கிற நுணுக்குச் சுருள் காத்தப் புடிச்சு வெச்சிருக்கு. அதுக்கு ஜெல் பூசினா அந்தச் சுருளெல்லாம் ஒட்டி, அதோட சரி. பவுடர் மட்டும்தான் போடலாம். அம்மம்மாட தாராவில பொறுக்கின இறகால நான் நாலு ஈசல் கட்டினன், ஒவ்வொண்டுக்கும் முக்கால் மணித்தியாலம். அதில மூணுக்கு ஜெல்லத் தடவித் தந்தது என்ட கூட்டாளி, உதவி செய்யிறன் எண்டு. அவனில பிழை இல்ல, அவனுக்கு ஆர் சொன்ன?

பூச்சியக் கொழுவுற நரம்பும் ஒரு காரணம். கண்ணுக்குத் தெரியாது எண்டு சொல்லி ஃப்ளோரோகார்பன் நரம்ப விப்பாங்க, அது தண்ணியவிட நல்ல பாரம், தான் தாண்டு பூச்சியையும் இழுத்துக்கொண்டு போகும். சாதாரண நைலோன் தங்கூசே போதும்.

செருப்பு ஃபோம வெட்டிக் கட்டு, ஒருக்காலும் தாழாது எண்டு சொல்ற ஆக்களுக்கு, தெரியும், கட்டியும் பாத்தன். காத்தில்லாத குளத்தில அது டொக்கெண்டு விழுது, கிட்ட நிண்ட மீனெல்லாம் கலைஞ்சு போகுது. ஈசல் அப்பிடி விழாது. ஈசல் விழுற சத்தமே கேக்காது.

நேத்து கடைசியா, இருட்டுப்பட, பெட்டி மூலையில ஜெல் படாத ஒரு தாரா ஈசல் கிடந்தத எடுத்துக் கட்டினன். எறிஞ்சன். பஞ்சு விழுற மாதிரி விழுந்துது, செட்ட ரெண்டும் நிமிந்து, தண்ணியத் தொட்டும் தொடாம நிண்டுது. மீன் வட்டம் ஒண்டு அதுக்கு ஒரு முழம் தள்ளி வந்துது. அந்த நேரம் பாத்து அக்கரைக் காட்டுக்க கொப்பு முறியிற சத்தம், ஐயா வலையச் சுருட்டிக்கொண்டு "தம்பி வாங்க, ஆனை" எண்டார். சுத்தி எடுத்துக்கொண்டு வந்துட்டன்.

பூச்சி காஞ்சுதான் கிடந்துது.