ஸ்டிர்லிட்ஸை ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்க்காதீர்கள்

போன வாரம் அக்கா மகன் வடசேரி வீட்டுக்கு வந்திருந்தான். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. ஒற்றர் கதை என்றால் அவனுக்கு உயிர். நான் வற்புறுத்தியதால் 'வசந்தத்தின் பதினேழு கணங்கள்' என்ற பழைய ரஷ்யத் தொடரின் முதல் பகுதியை யூடியூபில் பார்க்க உட்கார்ந்தான். கால் மணி நேரம் பொறுத்தான். பிறகு வேகத்தை ஒன்றரை மடங்காக்கிவிட்டான். முடிந்ததும், "மாமா, இதில் ஒன்றுமே நடக்கவில்லையே" என்றான். அப்போது நான் சொன்ன பதில் எனக்கே போதவில்லை. நான்கு நாள் அதே நினைப்பாக இருந்து இதை எழுதுகிறேன்.

1973 ஆகஸ்டில் சோவியத் தொலைக்காட்சியில் வந்த தொடர் இது. கறுப்பு வெள்ளை, 12 பகுதிகள், இயக்கியவர் தத்தியானா லியோஸ்னவா. கதை 1945 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நடக்கிறது. பெர்லினில் ஹிட்லரின் எஸ்.எஸ். படையின் உளவுப் பிரிவில் உயர் அதிகாரியாக இருக்கும் ஸ்டிர்லிட்ஸ் உண்மையில் மாஸ்கோவின் ஆள். நாஜித் தலைவர்களில் யாரோ ஒருவர் ரஷ்யாவுக்குத் தெரியாமல் அமெரிக்காவோடு சமாதானம் பேசுகிறார். அது யார் என்று அவன் கண்டுபிடிக்க வேண்டும். இதன் அடிப்படை கற்பனை அல்ல. எஸ்.எஸ். ஜெனரல் கார்ல் வோல்ஃப் அந்த மார்ச்சில் சுவிட்சர்லாந்து போய் அமெரிக்க உளவுத்துறையின் ஆலன் டல்லஸைச் சந்தித்தது வரலாற்றில் இருக்கிறது. கூடங்குளத்தில் ரஷ்ய மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்த நண்பர் ஒருவர் சொல்லித்தான் இந்தத் தொடர் எனக்குத் தெரியவந்தது. இதுவரை இரண்டு முறை முழுவதும் பார்த்துவிட்டேன்.

மெதுவாகத்தான் போகிறது, மறுக்கவில்லை. நடுநடுவே நீளமான போர்க்காலச் செய்திப்படங்கள் வரும். அவன் காரை ஓட்டிக்கொண்டே இருப்பான். ஆனால் அந்த மெதுவில் நடக்கிற வேலை என்ன என்று பார்க்க வேண்டும். முகத்தில் எதுவும் தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் ஒற்றனின் தொழில். ஸ்டிர்லிட்ஸாக வரும் வியாசெஸ்லாவ் திகோனவ் 12 பகுதிகளிலும் அதை மட்டுமே செய்கிறார். நாஜி ரகசியப் போலீசான கெஸ்டபோவின் தலைவன் முல்லரின் அலுவலகத்துக்குக் கீழே உள்ள அறையில் அவனைப் பூட்டிவைக்கிறார்கள். ரகசியச் செய்தி அனுப்பும் ரஷ்ய வானொலிக் கருவி இருந்த பெட்டியில் அவன் விரல் ரேகை எப்படி வந்தது என்ற கேள்விக்கு அவன் பதில் சொல்லியாக வேண்டும். அவன் கதவை உடைக்கவில்லை, காவலாளியை அடிக்கவில்லை. மேசையில் தீக்குச்சிகளை அடுக்கிக்கொண்டே யோசிக்கிறான். அந்தக் குச்சிகளை வேகமாக ஓடவிட்டால் நமக்கு என்ன மிஞ்சும்?

முல்லராக வரும் லியோனித் ப்ரோனவாய் அடிக்கடி கழுத்தை ஒரு வெட்டு வெட்டுவார். சீருடையின் காலர் இறுக்கிப் பிடித்ததால் தன்னையறியாமல் செய்த அசைவு அது. லியோஸ்னவாவுக்குப் பிடித்துப்போய் அப்படியே வைத்துக்கொண்டாராம். எதிராளி பொய் சொல்கிறான் என்று முல்லருக்குத் தோன்றும் இடங்களில் அந்தக் கழுத்தைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைப் பிசைகிறது. ஸ்டிர்லிட்ஸ் தூது அனுப்பும் பேராசிரியர் ப்ளெய்ஷ்னர் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்துக்குப் போவதும் அப்படித்தான். சுதந்திரக் காற்றை மூச்சுவிட்ட மகிழ்ச்சியில், ஜன்னலில் இருக்கும் பூவை அவர் கவனிக்கத் தவறுகிறார். அந்தப் பூதான் ஆபத்தின் அடையாளம். படியேறாதே என்று நான் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

இன்றைக்கு இந்தத் தொடர் எங்கே சறுக்குகிறது என்பதையும் சொல்ல வேண்டும். சோவியத் உளவு நிறுவனமான கே.ஜி.பி.யின் ஆலோசனையோடு எடுக்கப்பட்ட தொடர் இது. ஸ்டாலின் அமைதியான பெரியவராக வந்து போகிறார். அவருடைய சொந்த நாட்டுச் சிறை முகாம்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. யூதர்களுக்கு நடந்ததைப் பற்றி ஏறக்குறைய வாயே திறப்பதில்லை. கொலைகாரர்கள் கச்சிதமான சீருடையில், நல்ல பண்போடு, அறிவாளிகளாக உலவுகிறார்கள். முல்லரை ரசிக்கத் தொடங்கிய இடத்தில் எனக்கே சங்கடமாக இருந்தது. எல்லாவற்றையும்விட உறுத்துவது வேறொன்று. நாஜிகளுக்கு எதிராக ஐரோப்பாவில் சோவியத் ஒற்றர் வலையை நடத்திய லியோபோல்ட் ட்ரெப்பர் 1945ல் மாஸ்கோ திரும்பியதும் சிறைக்குப் போனார். ஏறக்குறைய பத்து ஆண்டுகள் உள்ளே இருந்தார். ஸ்டிர்லிட்ஸ் எந்த வீட்டுக்காக ஏங்குகிறானோ, அந்த வீடு அவனை எப்படி வரவேற்றிருக்கும் என்பதை இந்தத் தொடர் சொல்லாது. பார்ப்பவர்கள் அதைத் தெரிந்துகொண்டு பார்ப்பது நல்லது.

இவ்வளவு தெரிந்தும் ஏன் இரண்டாம் முறை பார்த்தேன் என்றால், உணவகக் காட்சிக்காக.

பல ஆண்டுகளாக அவன் தன் மனைவியைக் கண்ணால் பார்க்கவில்லை. மாஸ்கோ அவளை ஓர் உணவகத்துக்கு அழைத்துவர ஏற்பாடு செய்கிறது. பேசக் கூடாது, கிட்டே போகக் கூடாது. அவன் ஒரு மேசையில், அவள் எதிரே தள்ளி இன்னொரு மேசையில். பியானோ ஒலிக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு மேல் இரண்டு முகங்கள் மட்டும்.

தக்கலைப் பக்கம் இருக்கும் என் சித்தி எழுபதைத் தாண்டியவர். ரஷ்ய மொழியும் தெரியாது, ஆங்கில சப்டைட்டிலும் படிக்கத் தெரியாது. ஒரு மழைநாளில் நான் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இருவரும் யார் என்று மட்டும் சொன்னேன். வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அரிவாள்மணையைச் சாய்த்து வைத்துவிட்டுப் பார்த்தார். "கண்ணைச் சிமிட்டாமல் இருக்கிறான் பார், சிமிட்டினால் தண்ணீர் இறங்கிவிடும்" என்றார்.

சித்தப்பா 1982ல் சவூதி போனவர். நான்கு வருடம் கழித்துத்தான் முதல் விடுப்பு. அவர் வந்திறங்கிய அன்று வீடு கொள்ளாத ஆட்கள். சித்தி தாம்பாளத்தில் சாயாத் தம்ளர்களை அடுக்கிக்கொண்டு போனார். மாமியார் பக்கத்தில் இருந்ததால், சித்தப்பாவுக்கு முன்னால் தம்ளரை வைத்தபோதுகூடத் தலை நிமிரவில்லை. திரும்பி வந்து அடுக்களைக் கதவின் மறைவில் நின்ற பிறகுதான் முகத்தைப் பார்த்தாராம். முன்னந்தலையில் முடி போயிருந்தது. அவரும் இங்கே பார்த்துவிட்டார். யாரோ விமானத்தைப் பற்றி ஏதோ கேட்க, பார்வையை எடுக்காமலே அவருக்குப் பதில் சொன்னாராம். இதைச் சித்தி இதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை.

நம் குமரி மாவட்டத்தில் வளைகுடாவுக்கு ஆள் போகாத தெரு எது? தூத்தூர், குளச்சல் பக்கம் ஆழ்கடலுக்குப் போனவர்கள் ஒரு மாதம் கழித்தும் கரை திரும்பாமல் இருப்பது வழக்கம்தானே? சோவியத் ராணுவமான செம்படையின் நாளன்று ஸ்டிர்லிட்ஸ் தனியாகக் கணப்பில் உருளைக்கிழங்கு சுட்டுத் தின்பான். ஊர்ப்பாட்டு அவன் மனதுக்குள் மட்டும் ஓடும். ரியாத் அறையில் மரச்சீனிக் கிழங்கும் காந்தாரி மிளகும் கிடைத்த ஒரு நாளைப் பற்றிச் சித்தப்பா வாழ்நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். இந்தத் தொடர் நமக்கு அந்நியம் என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

2009ல் இதற்கு வண்ணம் பூசி வெளியிட்டார்கள். அதைத் தயவுசெய்து தொடாதீர்கள். அந்த முகங்களில் உள்ள நிழலெல்லாம் அதில் போய்விட்டது.

கடைசிப் பகுதியும் முடிந்த பிறகு, அவன் அந்தப் பெண்ணிடம் போய்ச் சேர்ந்தானா என்று சித்தி கேட்டார். தொடரில் அது இல்லை. பெர்லினுக்கே திரும்பிப் போகிறான். ட்ரெப்பரின் கதையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேலை இன்னும் முடியவில்லை என்று மட்டும் சொன்னேன்.

நாகர்கோவிலிலும் கூடங்குளம் பக்கமும் ரஷ்ய மொழி அறிந்தவர்கள் இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள். தமிழில் சப்டைட்டில் செய்ய வேண்டும். நேரம் குறிப்பது, தட்டச்சு செய்வது எல்லாம் என் பொறுப்பு. உணவகக் காட்சி சித்திக்குப் புரிந்துவிட்டது. மற்றபடி எல்லாம் பேச்சு, அவர்கள் அப்படி என்னதான் பேசுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.