டயர் கேட்டா ஸ்கீம் சொல்றாங்க, ஷாக் கேட்டா முழிக்கறாங்க

பத்து சக்கர வண்டிக்கு டயர் மாத்தணும். முன்னாடி ஷாக் அப்சார்பர் ரெண்டும் போச்சு. இவ்வளவுதாங்க விஷயம். காசைக் கையில வெச்சுக்கிட்டு நாமக்கல்ல கடை கடையா ஏறி இறங்கறேன். உங்க வண்டி எங்க ஓடுது, என்ன லோடு ஏத்தறீங்கன்னு ஒருத்தர் கேக்கணுமே! "ரேடியலா நைலானா?" "கேஷா கடனா?" "பழசைக் குடுத்துடறீங்களா?" முடிஞ்சுது விசாரணை.

நான் அடிக்கறது கிரஷர்ல இருந்து ஜல்லியும் எம்-சாண்டும். குவாரிக்குள்ள இருக்கற பாதைய ரோடுன்னு சொன்னாலே பாவம், கருங்கல் சில்லு டயரோட பக்கவாட்டைக் கிழிச்சு எடுக்கும். அதைத் தாண்டினா பைபாஸ், கொதிக்கற தாரு. உள்ள இரும்புக் கம்பி வெச்ச ரேடியல் போட்டா சூடு கம்மி, டீசலும் கொஞ்சம் மிஞ்சும். ஆனா அதோட பக்கவாட்டு மெலிசு. நைலான் நூல் வெச்சது கல்லடி தாங்கும், பைபாஸ்ல சூடேறிச் சீக்கிரம் தேயும். முன்னாடி நீளக் கோடு போட்ட ரிப்பு டயர், பின்னாடி கட்டை கட்டையா இருக்கற பட்டன் டயர்னு கிளீனர் பையன்கூடச் சொல்லிடுவான். பாதி கல்லு, பாதி ஹைவே ஓடற வண்டிக்கு எது தாங்கும்னுதான் நான் கேக்கறேன். வர்ற பதில்: "இது நல்லாப் போகுதுங்ணா." யாருக்குப் போகுது? தவிடு மூட்டை ஏத்தறவனுக்கா, என்னை மாதிரி ஜல்லி ஏத்தறவனுக்கா?

2018-ல பத்து சக்கர வண்டியோட மொத்த எடைய 25 டன்ல இருந்து 28.5 டன்னுக்கு ஏத்தினாங்க. முன் ஆக்சிலுக்கு, அதான் முன் அச்சுக்கு, ஆறு டன்னா இருந்தது ஏழாச்சு. டயர்ல 146/143-ன்னு இருந்தா, ஒத்தையா ஓடறப்ப 3,000 கிலோ, ஜோடியா ஓடறப்ப 2,725 கிலோ தாங்கும்னு அர்த்தம். முன்னாடி ரெண்டே டயர், ஏழு டன்னை ரெண்டா வகுத்தா ஒண்ணுக்கு மூணரை டன். அப்புறம் முன்னாடி 146 எப்படிப் போதும்? இந்தக் கணக்கைக் கடையில போட்டுக் காட்டினா, "எல்லாரும் இதாங்ணா போடறாங்க"ன்னு சிரிக்கறாரு. வெடிச்சா வண்டிக்குள்ள இருக்கறது அவரா, என் டிரைவரா?

அடுத்து தேதி. டயர் பக்கவாட்டுல சின்னதா நாலு நம்பர் இருக்கும். 3823-ன்னா 2023-ஆம் வருஷம் 38-ஆவது வாரம் செஞ்ச டயர். அந்த நம்பர் இருக்கற பக்கத்தைத்தான் எப்பவும் செவுத்தைப் பார்த்துச் சாத்தி வெச்சிருப்பாங்க. புரட்டிப் போட்டு, புழுதியத் துடைச்சு, செல்போன் லைட் அடிச்சுப் பார்த்தா கடைக்காரருக்கு மூஞ்சி மாறிடுது. "நம்ம மேல நம்பிக்கை இல்லீங்களா?" 2025 செப்டம்பர் 22-ல டயருக்கு ஜிஎஸ்டி 28-ல இருந்து 18 சதவீதமா இறங்குச்சே, அப்ப வெலைய ஏன் கொறைக்கலைன்னு கேட்டதுக்கு, "அது பழைய ஸ்டாக்குங்ணா"ன்னாரு. வரி விக்கற தேதிக்குங்க, செஞ்ச தேதிக்கு இல்ல. வெலை கேட்டா பழைய ஸ்டாக்கு, நம்பரைத் தேடினா புது ஸ்டாக்கு!

டயராவது பரவால்ல, நாலு எழுத்து நாலு நம்பராவது அதுல இருக்கு. ஷாக்ல அதுவும் கெடையாது. என் வண்டிக்குப் பின்னாடி வெறும் பட்டை ஸ்பிரிங்தான், ஷாக்கு முன்னாடி மட்டும். அதுல எண்ணெய் கசிஞ்சு செத்துப்போனா சக்கரம் ரோட்டுல குதிச்சுக்கிட்டே ஓடும், புது டயரைக்கூடத் திட்டுத் திட்டாத் தின்னுடும். டயரைக் கையால தடவிப் பார்த்தாலே மேடும் பள்ளமும் தெரியும். ஸ்பேர் கடையில கேட்டா மூணு டப்பாவை எடுத்து வெச்சு, "மூணும் உங்க வண்டிக்கு வரும்"ங்கறாங்க. நீட்டினா எவ்வளவு நீளம், அமுக்கினா எவ்வளவு, எவ்வளவு துள்ளல் அடக்கும்? ஒண்ணுமே டப்பாவுல இல்ல. ரெண்டு முனையிலயும் மாட்டற ரப்பர் புஷ் உக்காந்தாப் போதுமாம்! நீளம் பத்தாத ஷாக்கு, சக்கரம் பள்ளத்துல எறங்கறப்பெல்லாம் கடைசி வரைக்கும் இழுபட்டு ஆறே மாசத்துல ராடு கையோட வந்துடும். கால் நுழைஞ்சா செருப்பு பொருத்தம்ங்கற கதையா இருக்கு. ஒரிஜினல் எது, டூப்ளிகேட் எதுன்னு அங்க இருக்கற பையனுக்கே தெரியல. வெலைய வெச்சுச் சொல்றான்.

பட்டறையில சொன்ன யோசனைதான் இருக்கறதுலயே உச்சம்: "ஷாக்கைக் கழட்டிப் போட்டுட்டு ஓட்டுங்ணா, பட்டை தாங்கும்." தாங்கும்யா, பட்டை தாங்கும். ஒண்ணு இருபதாயிரத்துக்கு மேல போட்டு நான் வாங்கி மாட்டற டயருக்கு யாருய்யா பதில் சொல்றது?