நீர்ப்பிரமி தண்ணீருக்குள்ளும் வளரும்

நீர்ப்பிரமியை ஈர மண்ணில்தான் வைக்க வேண்டும், தண்ணீரில் மூழ்கினால் அழுகிவிடும் என்று ஒருவர் சொல்ல, பலரும் அதை அப்படியே பகிர்ந்திருக்கிறார்கள். அது சரியில்லைங்க. வயல் வரப்பிலும் குளக்கரையிலும் படரும் இதே கொடி, முழுக்க மூழ்கியும் வளரும். மீன்தொட்டிச் செடியாகவே விற்கிறார்கள். வெளியே தரையோடு ஊர்ந்து போகிற தண்டு தண்ணீருக்குள் நேராக மேல்நோக்கி எழும், அவ்வளவுதான். வெளிர் ஊதாப் பூ மட்டும் தண்டு நீருக்கு மேலே வந்த பிறகே பூக்கும்.

அழுகல் என்று பலர் நினைப்பது, வெளியே வளர்ந்த பழைய இலைகள் சில நாளில் மஞ்சளாகி உதிர்வதைத்தான். நிழலில் வைத்தால் தண்டும் நைந்துபோகும் என்பது உண்மை, ஆனால் அது வெளிச்சக் குறைவு.

நீங்களே பார்த்துவிடலாம். விரல் நீளத்துக்கு இரண்டு தண்டு கிள்ளி, கண்ணாடி பாட்டிலின் அடியில் கொஞ்சம் களிமண் போட்டு ஊன்றி, தண்டு மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி நல்ல வெளிச்சத்தில் வையுங்கள். கணுக்களில் வெள்ளை வேர் விடும், அப்புறம் நுனியில் புது இலை வரும். பழைய இலையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், நுனியைப் பாருங்கள்.